பால் பத்துதா? – ஒரு பழைய கேள்வியும் சேலத்துக்காரர் ஒருவரும்

சேலம், நாமக்கல் பக்கம் குழந்தை பிறந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது குழந்தையின் பெயரை அல்ல. எடையைக்கூட அல்ல. "பால் பத்துதா கண்ணு?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் வரும் முன்பே ஆலோசனைகள் ஆரம்பித்துவிடும். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடு, செலவு ரசம் வை, கருவாட்டுக் குழம்பு வை, பால் சுறா கிடைத்தால் புட்டு செய் என்று அமுச்சி சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா நாட்டு மருந்துக் கடை லேகியத்தைச் சொல்வார். டவுனில் வேலை பார்க்கும் சித்தப்பா மருந்துக் கடையில் டப்பாவில் வரும் பவுடரைச் சொல்வார். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருப்பார்.

இத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்புவதில்லை! இது இன்று நேற்று வந்த சண்டை இல்லை. பால் கொடுக்கும் தாய் என்ன சாப்பிட வேண்டும், அவள் சாப்பிடுவது பாலில் எவ்வளவு தெரியும் என்ற கேள்வியைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுபோய் அளந்து பார்த்தவர்களில் முக்கியமான ஒருவர் இதே சேலத்தில் பிறந்தவர். சி. கோபாலன். 1918 நவம்பர் 29-இல் பிறந்து, நூறு வயதைத் தாண்டி 2019 அக்டோபரில் காலமானார். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று டெல்லியிலும் ஹைதராபாத்திலும் கொண்டாடப்படுகிறவரைச் சொந்த ஊரில் பலருக்குத் தெரியாது. அவரிடம் போவதற்கு முன் சமையல்கட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

செலவு சாமான்

கொங்குப் பகுதியில் "செலவு" என்றால் பணச் செலவு மட்டும் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், சதகுப்பை என்று நாட்டு மருந்துக் கடையில் மொத்தமாகக் கட்டித் தரும் பொட்டலம்தான் செலவு சாமான். கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு கூட்டு மாறும். இதை வறுத்து அரைத்து ரசமாக வைப்பது செலவு ரசம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறினால் பிள்ளை பெற்றவளுக்கான மருந்து. சளி பிடித்தவர்களுக்கும் இதே ரசம்தான் என்பது வேறு விஷயம்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிரசவத்தில் உடம்பின் சூடு வெளியே போய்விடுகிறது, வாயு சேர்ந்துவிடுகிறது, அதனால் சூடான பொருள் வேண்டும், குளிர்ச்சியும் வாயுவும் கூடாது என்பது அந்தக் கணக்கு. சேர்க்க வேண்டியவை: பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, நாட்டுக்கோழிச் சாறு, கருவாடு, கருப்பட்டி. கூடாதவை: தயிர், பூசணி, மாங்காய், கத்தரிக்காய், வாழைப்பழம், வேர்க்கடலை. பல வீடுகளில் தண்ணீரையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். வயிறு பெருத்துவிடும் என்ற பயம்!

பத்தியம் முழுக்க மூடநம்பிக்கை என்று ஒரு கோஷ்டியும், முழுக்க அறிவியல் என்று இன்னொரு கோஷ்டியும் எழுதிக்கொண்டே இருக்கின்றன. இரண்டுமே சோம்பேறித்தனமான பேச்சு. முருங்கைக்கீரையும் கோழிச்சாறும் கருவாடும் நல்ல உணவுகள், அதில் சந்தேகமில்லை. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது தப்பு, அதிலும் சந்தேகமில்லை. இதைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பத்தியம் என்ற பெயரில் அந்தப் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. தாய்வீட்டில் சில வாரமாவது அவள் தண்ணீர் தூக்கவில்லை, காட்டு வேலைக்குப் போகவில்லை, அவளுக்கென்று தனியாகச் சமைத்தார்கள். வாழ்நாளில் ஒரு பெண்ணுக்கென்றே தனியாக உலை வைத்த காலம் அநேகமாக அது ஒன்றுதான்.

ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பத்தியம் இருக்கவும் வசதி வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் தறிக்குழிக்குத் திரும்ப வேண்டிய பெண்ணும் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்?

ஒரு பவுண்டு தானியம்

ஒரு மனித உடம்புக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அரசாங்கம் கணக்குப் போட ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில் அல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. அன்றைய சேலம் ஜில்லா என்பது இன்றைய நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பெரிய பரப்பு. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த ஜில்லாவில் 1881-இல் சுமார் 16 லட்சம் பேர்தான் இருந்தார்கள். பத்து வருடத்தில் கூட வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

அந்தப் பஞ்சத்தில்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் (சுமார் 450 கிராம்) கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கு அதற்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உடல் உழைக்கிறவனுக்கு இது போதாது, பருப்பு வேண்டும், காய் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் கூலி கொஞ்சம் கூட்டப்பட்டது, ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு கல் உடைத்த பெண்ணுக்கு அந்த ஒரு பவுண்டு சண்டையில் தனி இடம் எதுவும் இருக்கவில்லை. அவள் வயிற்றுக்கும் குழந்தையின் வயிற்றுக்கும் சேர்த்து ஒரே அளவுதான்.

குன்னூர்

1918. சேலத்தில் கோபாலன் பிறந்த அதே வருடம், நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். அந்த ஓர் அறைதான் பிறகு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்களாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். இந்திய உணவுப் பொருட்களில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை 1937-இல் சிறு நூலாக வெளியிட்டார். கேழ்வரகில் இவ்வளவு சுண்ணாம்புச் சத்து, கம்பில் இவ்வளவு இரும்புச் சத்து என்று இன்றைக்கு எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்வதெல்லாம் அந்தப் பட்டியலின் வாரிசுகள்தான்.

தாயின் சாப்பாடு பாலில் தெரியும் என்பதற்கு மிகக் கொடுமையான சாட்சி அப்போதுதான் கிடைத்தது. சென்னை மாகாணத்தின் வடகோடியில், இன்றைய ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், மெஷினில் தீட்டிய பச்சரிசி சாப்பிடும் வழக்கம். அங்கே தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தவர்கள், இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் திடீரெனச் செத்துப்போனார்கள். அய்க்ராய்டும் கிருஷ்ணன் என்ற ஆய்வாளரும் 1941-இல் இதை எழுதினார்கள். காரணம் தயாமின் எனப்படும் வைட்டமின் பி1. தீட்டிய அரிசியில் அது இல்லை, அதனால் தாயின் உடம்பில் இல்லை, அதனால் பாலிலும் இல்லை. வீட்டுப் பேச்சில் "தாய்க்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாது" என்பதன் ஒரு நிஜ வடிவம் இது!

தமிழ் ஜில்லாக்களில் இந்த நோய் அப்படிப் பரவாததற்குக் காரணம் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு இருந்தது. அந்தக் காலத்தில் அரிசிச் சோறு நாள் கிழமைக்குத்தான். அன்றாடம் கம்பஞ்சோறு, ராகிக் களி, சோளச் சோறு. ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்ட அந்தக் களிதான் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று சொன்னால் அந்தத் தலைமுறைப் பெண்கள் சிரித்திருப்பார்கள்.

கோபாலன் அளந்தது என்ன?

கோபாலன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. முடித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டங்கள் வாங்கி, குன்னூருக்கு வந்து சேர்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வெளிநாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களுக்கு ஒரு புதிராக இருந்தது. தென்னிந்தியாவின் ஏழைத் தாய்மார்கள் மிகக் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். எடையும் மிகக் குறைவு. ஆனாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம், அதற்கு மேலும் பால் கொடுக்கிறார்கள். இது எப்படி?

1958-இல் அவர் வெளியிட்ட ஆய்வுகளும், அடுத்த வருடங்களில் பவானி பேலவாடியோடு சேர்ந்து எழுதியவையும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டன. ஏழைத் தாயின் பாலில் புரதம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவை நன்றாகச் சாப்பிடும் தாயின் பாலோடு ஒப்பிட்டால் பெரிதாக மோசமில்லை. சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. குறைவது வைட்டமின்கள்தான், குறிப்பாக வைட்டமின் ஏ-யும் பி வகை வைட்டமின்களும். அவை தாயின் தட்டைப் பொறுத்தவை. தாய்க்குக் கூடுதலாகப் புரதம் கொடுத்தபோது பாலின் அளவு ஓரளவு கூடியது, ஆனால் பாலில் இருக்கும் புரதத்தின் அடர்த்தி மாறவில்லை.

அந்த 1958 ஆய்வுகளில் ஒன்றின் தலைப்பே சுவாரசியமானது. புரதம் மட்டுமல்ல, பால் பெருக்கிகள் "என்று சொல்லப்படுபவை" பற்றியும் பார்த்ததாக அதில் வருகிறது. "என்று சொல்லப்படுபவை" என்ற இரண்டே சொல்லில் விஞ்ஞானி தன் சந்தேகத்தை நாசூக்காகச் சொல்லிவிட்டார். அமுச்சிகள் இதைப் படித்திருந்தால் குன்னூருக்கே பஸ் ஏறியிருப்பார்கள்!

இந்த முடிவுகளை மேலோட்டமாகப் படித்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆஹா, தாய் பட்டினி கிடந்தாலும் பால் வருகிறது, இயற்கையின் அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி. பால் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 65 கலோரியும் 30 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 600 மில்லி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 400 கலோரி, 180 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தட்டில் இல்லாதது உடம்பிலிருந்து போக வேண்டும். கொழுப்பிலிருந்து, தசையிலிருந்து, எலும்பிலிருந்து. ஒன்றரை வருடம் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து மட்டும் 100 கிராமை நெருங்குகிறது. ஒரு பெண்ணின் எலும்புக்கூடு முழுக்க இருப்பது ஒரு கிலோ அல்லது அதற்கும் குறைவு. நன்றாகச் சாப்பிடும் பெண்ணுக்குப் பால் நிறுத்திய பிறகு எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த குழந்தை அதற்குள் வந்துவிட்டால்? அதற்கடுத்ததும் வந்துவிட்டால்?

1980களில் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனிபா என்ற கிராமத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பாலின் அளவு கூடவில்லை. அப்படியானால் பால் கொடுக்கும் தாய்க்குச் சத்துணவு வீண் என்று எழுதியவர்களும் உண்டு. பால் என்பது மட்டும்தான் பலன் என்று நினைத்தால்தான் அப்படி எழுத முடியும். பாலைக் கொடுக்கிற உடம்பும் ஓர் உடம்புதானே? "பால் பத்துதா?" என்று கேட்கிற வீட்டில் "உனக்குச் சாப்பாடு பத்துதா?" என்று யாரும் கேட்காததும், பாலை மட்டும் அளந்து பார்த்துவிட்டு உணவு வீண் என்று சொன்னதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்.

டப்பா வந்த கதை

"பால் பத்தவில்லை" என்ற பயத்தைக் காசாக்க முடியும் என்று கண்டுபிடித்தவர்கள் பால் பவுடர் கம்பெனிக்காரர்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1939-லேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் இதைக் கொலை என்றே சொன்னார். தகர டப்பாப் பாலை விளம்பரம் செய்து விற்று, சுத்தமான தண்ணீரும் போதிய காசும் இல்லாத வீட்டுக் குழந்தைகளைச் சாகடிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதன் பிறகும் நாற்பது வருடம் ஆனது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு ஆரம்பித்தது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை தாய்ப்பால் மாற்றுப் பொருட்களை விற்பதற்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 118 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு அமெரிக்கா மட்டும்! இந்தியா 1992-இல் தனிச் சட்டமே போட்டது. 2003-இல் அது இன்னும் இறுக்கப்பட்டு, இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுகளுக்கு விளம்பரமே கூடாது என்றானது. புட்டிப்பால் டப்பாவில் கொழுகொழு குழந்தை படம் போட முடியாமல் போனது அதனால்தான்.

சட்டம் தடுத்தது குழந்தையின் டப்பாவை. தாயின் டப்பாவை அல்ல. பால் கொடுக்கும் தாய்க்கென்று தனி மால்ட் பானம், பால் ஊற வைக்கும் குருணை, கேப்சூல் என்று கடைகளில் இன்றைக்கு ஓர் அலமாரியே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் முக்கியச் சரக்கு தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி. அமுச்சியின் லேகியம்தான் சாக்லேட் வாசனையோடு திரும்பி வந்திருக்கிறது.

சரி, சதாவரி வேலை செய்கிறதா? 1996-இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஒப்பீட்டுச் சோதனையில் சதாவரி எடுத்தவர்களுக்கும் வெறும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011-இல் வந்த இன்னொரு சோதனையில் சதாவரி எடுத்தவர்களுக்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் நன்றாகக் கூடியிருந்தது. ஒன்று இல்லை என்கிறது, ஒன்று ஆம் என்கிறது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். வெந்தயத்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பாலை நிறுத்துவதற்கான பாட்டி வைத்தியம் ஒன்று இதைவிட நன்றாகத் தேறியது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்து இறந்தாலோ, தாயின் மார்பில் மல்லிகைச் சரத்தைக் கட்டுவது தென்னிந்தியப் பழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 60 பெண்களிடம் இதைச் சோதித்து 1988-இல் வெளியிட்டார்கள். மல்லிகை கட்டிய பெண்களுக்கும், அந்தக் காலத்தில் இதற்கென்று கொடுத்த புரோமோகிரிப்டின் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும், பால் வற்றுவதில் பெரிய வித்தியாசமில்லை. ஹார்மோனைக் குறைப்பதில் மாத்திரை முந்தியிருந்தது, அவ்வளவுதான். பூவால் பால் எப்படி வற்றுகிறது? வாசனையா, தொடுதலா என்று உறுதியாகத் தெரியவில்லை. பாட்டிகள் சொன்னது எல்லாம் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அர்த்தம்.

பால் கூடுவதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிற வழி ஒன்றே ஒன்றுதான், அது எந்தக் கடையிலும் விற்பதில்லை. குழந்தை சப்பச் சப்பத்தான் புரோலாக்டின் சுரக்கிறது, மார்பு காலியாகக் காலியாகத்தான் புதுப்பால் ஊறுகிறது. இதையும் பழைய வழக்கம் ஒன்று கெடுத்து வைத்திருந்தது. முதல் சில நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் பாலாடையில் புகட்டிய வீடுகள் ஏராளம். நோய் எதிர்ப்பு சக்தி நிறைந்த பாலைக் கொட்டிவிட்டு, சுரப்பு தொடங்க வேண்டிய நாட்களில் குழந்தையையும் தள்ளி வைத்துவிட்டு, பிறகு பால் பத்தவில்லை என்று பூண்டு உரித்தார்கள்.

சர்க்கார் சமையல்

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமும் இந்தச் சமையல்கட்டுக்குள் வந்தது. 1970-இல் ரத்தசோகைக்கு இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம். 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது அங்கன்வாடி. 1980-இல் உலக வங்கிக் கடனில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் ஆரம்பித்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எல்லோருக்கும் கொடுக்காமல், எடை பார்த்து, தேவைப்படுகிற குழந்தைக்கும் தாய்க்கும் மட்டும் கொடுத்தது. இன்றும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சத்துமாவு உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 1980களின் கடைசியில் 300 ரூபாயில் தொடங்கி, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று வளர்ந்தது. கடைசி உயர்வில் பணத்தோடு பெட்டகமும் சேர்ந்தது: சத்துமாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய். பிரசவத்துக்குப் பிறகு கூலி வேலைக்கு ஓடாமல் இருக்கத்தான் பணம் என்பது நோக்கம். பழைய பத்தியம் வசதியானவர்களுக்கு மட்டும் கொடுத்த ஓய்வை ஏழைக்குச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கித்தர முயன்றது என்றும் சொல்லலாம்.

2015-இல் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த 16 பொருள் கொண்ட பெட்டகத்தில் சோப்பு, கொசுவலை, கிலுகிலுப்பையோடு தாய்க்கென்று ஒரு டப்பாவும் இருந்தது: சௌபாக்கிய சுண்டி லேகியம்! சுண்டி என்றால் சுக்கு. அதை அடுத்து வந்த மகப்பேறு சஞ்சீவி என்ற 11 சித்த மருந்துத் தொகுப்பில் சதாவரி லேகியமும் சேர்ந்தது. குன்னூரில் கோபாலன் சந்தேகக் குறி போட்ட பொருட்கள் அறுபது வருடம் கழித்து அரசு முத்திரையோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தன.

கோபாலனிடமும் இப்படி ஒரு முரண் உண்டு. 1960களின் தொடக்கம் முதல் 1974 வரை தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை அவர் நடத்தியபோதுதான் குழந்தைகளின் கண்ணைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு வைட்டமின் ஏ கொடுக்கும் முறை அங்கே உருவாகி, 1970-இல் தேசியத் திட்டமானது. பிற்காலத்தில் அதே கோபாலன், மருந்தாகக் கொடுப்பது தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வழி கீரையும் காயும் பழமும்தான் என்று வயதான காலம் வரைக்கும் வாதாடினார். மாத்திரை கம்பெனிகளுக்கும் சில சர்வதேச அமைப்புகளுக்கும் அது பிடிக்கவில்லை.

தட்டில் யாருக்கு எவ்வளவு

சேலத்துக் கதையில் சொல்லாமல் விடக்கூடாத பக்கம் ஒன்று இருக்கிறது. 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் (அப்போது நாமக்கல்லும் அதில் சேர்ந்தது, 1997 ஜனவரி 1-இல்தான் பிரிந்தது) ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். பெண் சிசுக்கொலை இங்கே நடக்கிறது என்பது நாடு முழுக்கத் தெரிந்தது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் ஆரம்பிக்கப்பட்டது. தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்குத் தாயின் பால் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் வளர்ந்தது டப்பாப் பாலில்.

வீட்டிலேயே வளர்ந்த பெண் குழந்தைகளுக்கும் சம பங்கு கிடைத்ததா? இந்தியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளை வைத்து 2011-இல் சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியம்கோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையின்படி, இந்தியாவில் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடக் குறைந்த மாதங்களே தாய்ப்பால் குடிக்கிறார்கள். பெண் பிறந்தால், அடுத்து ஆண் வேண்டும் என்பதற்காகச் சீக்கிரம் பால் மறக்கடிக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். பால் கொடுக்கும் வரை கர்ப்பம் தள்ளிப்போகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்தானே. அங்கே "பால் பத்துதா?" என்ற கேள்வியே எழவில்லை. அந்தத் தாயின் உடம்புக்கும் இடைவெளி கிடைக்கவில்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். மாத்திரை என்று பார்த்தால் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், கால்சியமும் அப்படியே. குழந்தை பிறந்ததுமே மாத்திரைப் பட்டையைப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது குழந்தைக்கான மாத்திரை என்று நினைத்திருந்தார்கள், குழந்தைதான் வந்துவிட்டதே!

600 கலோரிக்கு எந்த டப்பாவும் வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 330 கலோரி, 7 கிராம் புரதம், 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. 50 கிராம் வேர்க்கடலையில் சுமார் 280 கலோரி, 12 கிராம் புரதம். இரண்டையும் கூட்டினால் கலோரி 600-ஐத் தாண்டிவிடுகிறது, புரதமும் போதும். கூட ஒரு நாமக்கல் முட்டை இருந்தால் இன்னும் நல்லது. சேலம் மாவட்டத்தின் எந்தச் சந்தையிலும் இவை மூன்றும் கிடைக்கும். 

ஆனால் வேர்க்கடலை இன்னமும் பல வீட்டுப் பத்தியத்தில் கூடாத பட்டியலில்தான் இருக்கிறது. வாயுவாம். கேழ்வரகுக் களியோ, பிள்ளை பெற்றவளுக்குப் போய்க் களியா போடுவது என்று தாய்வீட்டில் யாரும் கிண்டுவதில்லை. அவளுக்கு வெள்ளை அரிசிச் சோறும் பூண்டுக் குழம்பும், ஃபிரிட்ஜ் மேல் சாக்லேட் வாசனை அடிக்கும் டப்பாவும்.